கோப்பு நகரும் வேகமும் தசை கரையும் வேகமும்: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், இரு மாவட்டங்களின் சுகாதாரம், பள்ளிக்கல்வி, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

தசைச்சிதைவு நோய் என்று தலைப்பிட்டுத் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் உங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை உதவித்தொகை கேட்டு வருபவை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வேண்டியதுதான். அதைப் பற்றிப் பேச வேறு பலர் இருக்கிறார்கள். நாங்கள் கேட்க வந்தது நேரத்தை. இந்த நோயில் எந்த உதவிக்கும் ஒரு பருவம் உண்டு. ஆடியில் விதைக்க வேண்டியதை மார்கழியில் விதைத்தால் என்ன ஆகுமென்று இந்த மானாவாரி மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. தசைச்சிதைவில் பல வகை உண்டு. குழந்தைகளிடம் அதிகம் காணப்படுவது டுஷேன் வகை. தசை நார்களைக் கிழியாமல் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் உருவாகாததால் வருவது. ஏறக்குறைய முழுக்க ஆண் பிள்ளைகளுக்கே வருவது. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் நடையில் தெரியும். பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குள் நடை நின்றுவிடும். பிறகு முதுகு, கை, மூச்சு, இதயம் என்று ஏறும். மெதுவாகப் போகும் பெக்கர் வகை, இடுப்பிலும் தோளிலும் தொடங்கும் வகை, முதுகுத்தண்டு நரம்பணுக்கள் பழுதாகித் தசை மெலியும் எஸ்எம்ஏ என எல்லாவற்றுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். முழுமையாகக் குணமாக்கும் மருந்து டுஷேனுக்கு இன்னும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருபது வயதைத் தொடாத பிள்ளைகள் இன்று ஸ்டீராய்டு, இதய மாத்திரை, இரவில் மூச்சுக்கருவி ஆகியவற்றின் துணையோடு முப்பதைத் தாண்டுகிறார்கள். படித்து, வேலை பார்த்து, ஓட்டுப் போட்டு, வீட்டில் அதிகாரம் செய்யும் பெரியவர்களாகிறார்கள். ‘பாவம், எத்தனை நாளைக்கோ’ என்ற எண்ணத்தோடு கோப்பைப் பார்ப்பவர் அந்த முப்பது வருடத்துக்குத் திட்டமிட மாட்டார். எங்கள் முதல் வருத்தமே அதுதான்.

நோயைக் கண்டுபிடிப்பதில் தொடங்குவோம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போகும் மருத்துவக் குழுக்கள் உயரம், எடை, கண், பல் பார்க்கின்றன. அதோடு இன்னும் அரை நிமிட வேலையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பையனைத் தரையில் உட்காரவைத்து, எதையும் பிடிக்காமல் எழச் சொல்ல வேண்டும். தசை பலவீனமான பிள்ளை குப்புறத் திரும்பி, நாலு காலில் ஊன்றி, முழங்காலில் கை வைத்து, தன் தொடை மேலேயே கையால் ஏறுவதுபோல் நிமிர்வான். கெண்டைக்கால் சதை பருத்துக் கெட்டியாக இருக்கும். பார்ப்பவர்கள் ‘நல்ல முரட்டுக்கால்’ என்று மெச்சுவார்கள். முன்னங்காலில் நடப்பது, படியில் ஒவ்வொன்றாகக் கைப்பிடித்து ஏறுவது, சமதரையில் அடிக்கடி விழுவது, ஒன்றரை வயதுக்கு மேலும் நடக்காதிருப்பது எல்லாம் சேர்ந்த அடையாளங்கள். இதில் இரண்டு தென்பட்டாலே சிபிகே என்ற இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம். டுஷேன் பிள்ளைக்கு அது இயல்பைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை இருக்கும்.

இங்கே கால் இடறும் இடங்கள் மூன்று. நம் மாவட்டங்களில் கால் கோணல் என்றாலே நிலத்தடி நீரின் ஃபுளோரைடு என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனால் ஃபுளோரைடு பாதிப்பில் பல்லில் கறை, மூட்டில் வலி, விறைப்பு இருக்கும். தசைச்சிதைவில் வலி அதிகம் இராது, பலம்தான் குறையும். இரண்டாவது, கல்லீரல் பரிசோதனை. காய்ச்சலுக்கு இரத்தம் எடுத்தால் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் எகிறி நிற்கும். அவை கல்லீரலிலிருந்து மட்டும் வருபவை அல்ல, தசையிலிருந்தும் கசிபவை. இது தெரியாமல் மாதக்கணக்கில் காமாலை வைத்தியம் பார்த்து, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, பத்தியச் சோறு போட்டே ஒரு வருடம் போய்விடுகிறது. கண் மஞ்சளாகவில்லை, தசையிலிருந்து கசியாத ஜிஜிடி என்ற கல்லீரல் அளவு இயல்பாக இருக்கிறது என்றால் அடுத்து சிபிகே பார்க்க வேண்டும். மூன்றாவது, ‘சத்துக்குறைவு, வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல். இந்த ஆறுதலால் பறிபோன ஆண்டுகள் கணக்கில் வராதவை.

உறுதி செய்வதற்குத் தசையை வெட்டி எடுக்க வேண்டிய தேவை இப்போது பெரும்பாலும் இல்லை. இரத்தத்திலேயே முதலில் எம்எல்பிஏ என்ற மரபணுச் சோதனை, அதில் தெரியவில்லை என்றால் மரபணு வரிசை முழுவதையும் படிக்கும் சோதனை. அறிக்கை வந்ததும் தாய்க்கும், தாயின் உடன்பிறந்த பெண்களுக்கும் ஆலோசனை தர வேண்டும். இதில் ஒரு தப்பெண்ணத்தைச் சுகாதாரப் பணியாளர்களே பரப்புகிறார்கள். அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம் என்பதால் எந்த நோய்க்கும் ‘சொந்தத்தில் கட்டினதால் வந்தது’ என்று சொல்லிவிடுகிறார்கள். எஸ்எம்ஏ, இடுப்பு–தோள் வகைகள் போன்றவற்றில் அது பெருமளவு உண்மை. பெற்றோர் இருவரிடமிருந்தும் குறை வர வேண்டும். டுஷேன் அப்படியல்ல. அது தாயின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது, அந்நியத்தில் கட்டினாலும் வரும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்குத் தாயிடமும் இல்லாமல் புதிதாகவே தோன்றுவது. ஆகவே அந்தப் பெண்ணைப் பழிப்பதும், கணவனுக்கு மறுமணம் செய்துவைப்பதும் மருத்துவத்தில் சேராது.

டுஷேனுக்கு ஸ்டீராய்டைப் பிள்ளை நடந்துகொண்டிருக்கும்போதே, பலம் சரியத் தொடங்குமுன் ஆரம்பிக்க வேண்டும். பிரெட்னிசலோன் என்றால் பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.75 மில்லிகிராம், நரம்பியல் மருத்துவர் பார்த்துக் கூட்டிக் குறைப்பார். விலை மலிவான மாத்திரை. எடை கூடும், உயரம் தடைபடும், எலும்பு மெலியும், கண்ணில் புரை வரலாம். அதற்கெல்லாம் கண்காணிப்பு வேண்டும். ஆனால் இதைவிடப் பெரிய ஆபத்து மாத்திரை திடீரென்று நிற்பதில் இருக்கிறது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு தன் சொந்தச் சுரப்பைத் தூங்கவைத்துவிடும். ‘இந்த வாரம் ஸ்டாக் இல்லை, அடுத்த புதன் வாங்க’ என்று மருந்தகத்தில் சொல்லப்படும் ஒரு வரி, வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தச் சரிவு என்று முடியலாம். இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் 30 நாள் மாத்திரையோடு இன்னும் 15 நாளுக்கான கையிருப்பும் சேர்த்துக் கொடுக்க ஒரு சுற்றறிக்கை போதும். இதயத்துக்கு நோய் தெரிந்த நாளிலேயே ஒரு எக்கோ என்ற இதய ஸ்கேன், பத்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒன்றாவது. இவர்கள் ஓடுவதில்லை, படி ஏறுவதில்லை, ஆகவே மூச்சு வாங்குவதும் இல்லை. இதயம் தளர்வதை உடம்பு காட்டிக்கொடுக்காது. அதனால்தான் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல், பத்து வயதுக்குள் எனாலபிரில் போன்ற மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். அது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைப்பதுதான்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது சூளகிரி பக்கத்துச் சாமனப்பள்ளியில். வீடு தேடி இயன்முறை சிகிச்சையாளர் வருவது இந்த நோய்க்கு வரம்தான். ஆனால் அவர்கள் அன்றாடம் பார்ப்பது பக்கவாதமும் மூட்டுவலியும். அங்கே சொல்லும் ‘இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு, பத்துத் தடவை எழுந்து உட்கார்’ என்பதை இங்கே சொல்லக் கூடாது. பாதுகாப்புப் புரதம் இல்லாத தசை, பாரம் தாங்கியபடி நீளும்போது கிழிகிறது. படி இறங்குவது, தோப்புக்கரணம், எடை தூக்குவது எல்லாம் அந்த வகை. மறுநாள் வரை வலித்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ அளவு மீறிவிட்டது என்று பொருள். செய்ய வேண்டியது நீட்டிப்புப் பயிற்சி: குதிகால் தசைநாண், தொடையின் பின்புறம், இடுப்பின் முன்புறம், தொடையின் வெளிப்பக்கம், பிற்பாடு விரல்கள். ஒவ்வொன்றையும் 15 முதல் 30 விநாடி பிடித்து, சில முறை. வாரத்தில் ஐந்தாறு நாள். இழுப்பு தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. குதிகாலை நீட்டும்போது முன்பாதத்தைப் பிடித்துத் தள்ளுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அதில் பாதத்தின் நடு வளைவு உடையும். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்கையால் பாதத்தைச் சாய்க்க வேண்டும். சிகிச்சையாளர் மாதம் ஒருமுறை வருவார். கை வைப்பவர் அம்மாவோ பாட்டியோதான். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அடுத்த முறை அவர்கள் செய்வதைப் பார்த்துத் திருத்துவதே அந்த வருகையின் வேலையாக இருக்கட்டும். இரவில் போடும் கணுக்கால் தாங்கி மாவட்டத்திலேயே வார்த்துக் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இனி சக்கர நாற்காலி. இந்த மடலின் மையமே இதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

முகாம்களில் வழங்கப்படும் சாதாரண நாற்காலியின் இருக்கை பெரும்பாலும் 18 அங்குலம், அதாவது 46 சென்டிமீட்டர். பத்து வயதுப் பிள்ளையின் இடுப்பு அகலம் முப்பது சென்டிமீட்டருக்குள் இருக்கும். மீதி 16 சென்டிமீட்டர் இடைவெளியில் பிள்ளை ஒரு பக்கக் கைப்பிடியில் சாய்வான். கீழே ரெக்சின் துணி தொட்டில்போல் தொய்ந்திருக்கும். இடுப்பெலும்பு ஒரு பக்கம் இறங்கும். அதை ஈடுகட்ட முதுகு மறுபக்கம் வளையும். நடை நின்று வளர்ச்சி வேகமெடுக்கும் வயது அதுவே. வளைவு ஒரு அளவைத் தாண்டிவிட்டால் தானாகவே கூடும், ஒரு பக்க நுரையீரலை அமுக்கும், பிறகு முதுகில் கம்பி வைக்கும் பெரிய அறுவை சிகிச்சை ஒன்றே வழி. ஆட்சியர் கையால் மாலை மரியாதையோடு கொடுக்கப்படும் நாற்காலிதான் அந்த வளைவைத் தொடங்கிவைக்கிறது என்பதைக் கூச்சத்தோடு சொல்கிறோம்.

சரியான நாற்காலிக்கு நான்கு அளவு போதும். பிள்ளையைக் கெட்டியான பலகையில் உட்காரவைத்து, இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு நோட்டைச் செங்குத்தாக வைத்து இடையே அளந்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டினால் இருக்கையின் அகலம். முதுகின் அடியிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து நான்கைந்து சென்டிமீட்டர் கழித்தால் ஆழம். முழங்கால் மடிப்பிலிருந்து செருப்போடு குதிகால் வரை, கால்வைப்பின் உயரம். இருக்கையிலிருந்து அக்குள் வரை, முதுகுச் சாய்வின் உயரம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். விண்ணப்பித்து ஒன்றரை வருடம் கழித்து வரும் நாற்காலி, இப்போது இல்லாத ஓர் உடம்புக்கு அளந்தது.

ஏற்கெனவே கொடுத்துவிட்ட நாற்காலிகளைச் சீர்செய்யவும் வழி உண்டு. இருக்கை அளவுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை. அது நழுவாமலிருக்க அடியில் இரண்டு சட்டம். மேலே 5 சென்டிமீட்டர் கெட்டி ஃபோம். மெத்தைக்குப் போடும் மெல்லிய பஞ்சு ஒரு மாதத்தில் நசுங்கிப் பலகை தட்டும், வாங்கக் கூடாது. இரு பக்க இடைவெளியையும் சமமாக நிரப்பும் திண்டு. தொடை முழுதும் பலகையில் படியும்படி கால்வைப்பில் ஒரு கட்டை. பெல்ட் வயிற்றின் குறுக்கே போகக் கூடாது, தொடை மடிப்பில் சாய்வாக இறங்க வேண்டும்; இல்லையென்றால் பிள்ளை அடியில் நழுவிக் கழுத்தில் மாட்டும். ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. தாலுகாவுக்கு ஒரு தச்சருக்கு இதைச் சொல்லிக்கொடுத்து, கூலியை முகாம் செலவில் எழுதுங்கள்.

பேட்டரி நாற்காலி ஆடம்பரம் என்ற எண்ணமும் மாற வேண்டும். டுஷேன் பிள்ளைக்கு நடை நின்றுபோகும்போதே தோளும் தளர்ந்திருக்கும். கையால் சக்கரம் தள்ள வராது. கைநாற்காலி கொடுத்தால் அவன் எங்கே போக வேண்டும் என்பதைத் தள்ளுகிறவர் தீர்மானிப்பார். பதிமூன்று வயதில் தானாகத் தெருமுனைக்குப் போய்வருவது எத்தனை பெரிய காரியம் என்பதைப் பதிமூன்றைக் கடந்த எவரும் அறிவார். கொடுக்கும்போதே சொல்ல வேண்டியது ஒன்று: ஓட்டாவிட்டாலும் பேட்டரியைச் சார்ஜில் வைத்திருக்க வேண்டும். மழைக்காலம் முழுக்கத் தீர்ந்தபடி மூலையில் கிடந்தால் ஈயப் பேட்டரி செத்துவிடும். அரசு கொடுத்தது வீணாய்க் கிடக்கிறது என்று தணிக்கையில் எழுதப்படும் நாற்காலிகளில் பலவற்றின் கதை இதுதான்.

மூச்சு விஷயத்தில் நேரம் தவறுவது இன்னும் கொடியது. முதலில் தளர்வது தூக்கத்தில். பகலில் விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி 97, 98 என்றே காட்டும். இரவில் கரியமில வாயு தேங்கும். காலையில் தலைவலி, வகுப்பில் தூக்கம், கெட்ட கனவு, ‘திருப்பிப் போடு’ என்று இரவெல்லாம் கூப்பிடுவது, பசியின்மை, எடை இறக்கம். இதைப் படிப்பில் சோம்பேறித்தனம் என்று ஆசிரியரும், மனச்சோர்வு என்று மருத்துவரும் எடுத்துக்கொள்வது சாதாரணம். நடை நின்ற பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுரையீரல் கொள்ளளவும் இருமல் வேகமும் அளக்க வேண்டும். கொள்ளளவு பாதிக்குக் கீழே வந்தால் முகமூடி வழியாக மூச்சை உந்தித்தரும் இரவு பைபாப் கருவிக்கான பேச்சைத் தொடங்க வேண்டும். பெரியவரின் இருமல் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இருந்தால், ஒரு சளிக்காய்ச்சலே நிமோனியாவாகிவிடும்.

அதற்கு வீட்டில் வைத்துக்கொள்ள மலிவான துணை, கையால் அமுக்கிக் காற்றேற்றும் ஆம்பு பை. ஒருமுறை மூச்சிழுத்து வெளியே விடாமல், அதன் மேலேயே பையை அமுக்கி இரண்டு மூன்று முறை காற்றை ஏற்றி, சில விநாடி அடக்கி, பிறகு இருமச் செய்வது. நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு நான்கைந்து சுற்று. சளி பிடித்த நாளில் அடிக்கடி. இருமும் அதே கணத்தில் விலாவுக்குக் கீழே வயிற்றை உள்ளும் மேலுமாக அழுத்தினால் சளி மேலே வரும். சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது. இதை ஒரு செவிலியர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

பைபாப் வைத்திருக்கும் வீட்டுக்கு மின்தடை என்பது வேறு பொருள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்துவதைச் செய்தித்தாளில் போட்டால் போதாது, அந்த வீட்டு எண்ணுக்கு முந்தின நாளே தகவல் போக வேண்டும். 150 ஏஎச் பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் இருந்தால் ஈரப்பதமூட்டி இல்லாமல் ஓர் இரவு தாராளமாகத் தாங்கும். அஞ்செட்டி, தளி, பென்னாகரம் மலைக் கிராமங்களுக்குக் கருவி கொடுக்கும்போது இதையும் சேர்த்தே கொடுங்கள்.

108 ஊழியர்களுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கும் ஓர் அட்டை வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும், பிள்ளையின் நாற்காலியில் தொங்கும்படி. அதில் இவ்வளவு இருந்தால் போதும்: ஆக்சிஜன் மட்டும் கொடுத்து விட்டுவிடாதீர்கள், மூச்சுக்கு உந்துதலும் சளி எடுப்பதும் வேண்டும். மயக்க மருந்தில் சக்சினைல்கோலின் கூடாது, முகர வைக்கும் மயக்க வாயுக்களும் தவிர்க்கப்பட வேண்டும். பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோகலாம். ஸ்டீராய்டு எடுப்பவர், நிறுத்தக் கூடாது. வாந்தி என்றால் ஊசியாகக் கொடுக்கவும். எலும்பு முறிந்தபின் திடீரென மூச்சுத் திணறினாலோ நினைவு தடுமாறினாலோ கொழுப்புத் துகள் அடைப்பைச் சந்தேகிக்கவும். வீட்டில் பைபாப் இருந்தால் அதையும் ஆம்புலன்சில் ஏற்றவும்.

பள்ளிக்கு வருவோம். நடை நின்ற அன்றே ‘வீட்டுவழிக் கல்வி’ப் பட்டியலில் பெயரை மாற்றிவிடுவது எளிது, சட்டப்படியும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 31ஆவது பிரிவு, அருகிலுள்ள பள்ளியில் 18 வயது வரை இலவசமாகப் படிக்கும் உரிமையைத் தருகிறது. வாரம் ஓரிரு முறை ஒருவர் வீட்டுக்கு வந்துபோவது பள்ளியாகாது. தலைமையாசிரியர்கள் செய்யக்கூடியது: அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது. இரண்டு படி, 30 சென்டிமீட்டர் உயரம் என்றால் 3.6 மீட்டர் நீளச் சாய்தளம். இடமில்லை என்று ஒன்றரை மீட்டரில் கட்டினால் அது சறுக்குமரம். மேசை விளிம்பில் முழங்கை ஊன்றும்படி உயரம் இருந்தால், தோள் தூக்க முடியாத பிள்ளையும் தானே எழுதுவான், தானே சாப்பிடுவான். தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். கழிப்பறை விஷயத்தைப் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சமாளிப்பார்கள். மலச்சிக்கலும் சிறுநீர்க்கல்லும் அங்கிருந்தே வருகின்றன. வெளிப்பக்கம் திறக்கும் 90 சென்டிமீட்டர் கதவு, உட்காரும் கோப்பை, தூக்கிவிட ஓர் ஆள். இந்த மூன்றும் இல்லாத பள்ளியில் சேர்க்கை இருந்தாலும் இல்லாததற்குச் சமம்.

சாப்பாட்டில் ஒரு வார்த்தை. ராகிக்களி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எலும்புக்கு நல்லது. ஆனால் விழுங்கும் தசை தளர்ந்த பெரியவர்களுக்கு உருண்டையாகக் கொடுத்தால் தொண்டையில் ஒட்டும், இளக்கிக் கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி விழுங்க வேண்டும். நடக்காத பிள்ளைக்கு ஓடும் பிள்ளையின் அளவு சோறு வேண்டாம். எடை கூடினால் தூக்குகிற அம்மாவின் இடுப்பும் சேர்ந்து போகும்.

நிர்வாகத்திடம் எஞ்சியவை சிறியவை. இந்த நோயில் ஊனச் சதவீதம் குறையப் போவதில்லை, கூடத்தான் போகிறது. ஆகவே தற்காலிகச் சான்றிதழ் கொடுத்துப் புதுப்பிக்க வரச்சொல்லித் தூக்கிவரச் செய்யாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாள், தரைத்தளத்தில், நரம்பியல், இதயம், நுரையீரல், இயன்முறை நால்வரும் ஒரே கூடத்தில் உட்காரட்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனை ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான் என்பார்கள். அரூரிலிருந்தும் சிட்லிங்கியிலிருந்தும் அது 40 கிலோமீட்டர் அல்ல. அரசுப் பணிக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் தசைச்சிதைவும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. விரல் ஓரம் மட்டும் அசையும் ஒருவர் கணினியில் முழுநாள் வேலை பார்க்க முடியும் என்பதைத் தேர்வு வாரியங்களுக்கு முன்பாக உங்கள் அலுவலகங்களே காட்டலாம்.

அடுத்த உபகரண முகாமுக்கான அறிவிப்பு அச்சாகும்போது, தேதி, இடம், கொண்டுவர வேண்டிய ஆதார் நகல் ஆகியவற்றோடு இன்னும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘முகாமுக்கு முந்தைய வாரம் உங்கள் ஊர் அங்கன்வாடியில் பிள்ளையின் இடுப்பு, தொடை, கால், முதுகு அளவு எடுக்கப்படும்.’ அளக்கும் டேப்பும் இரண்டு நோட்டும் எல்லா அங்கன்வாடியிலும் இருக்கின்றன.

இப்படிக்கு,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தசைச்சிதைவு உள்ளவர்களோடு பணியாற்றும் இயன்முறை சிகிச்சையாளர்கள், சிறப்பாசிரியர்கள், செவிலியர்கள்